பல நோய்களுடன் வாழும் முதியோரின் வாழ்வுத் துயர்
களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பாடம்

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். இத்தொகை 2050-ஆம் ஆண்டளவில் 30 கோடியைத் தாண்டும் என்று மக்கள்தொகை அறிஞர்கள் கணித்துள்ளனர். மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் நடத்திய முதுமை பற்றிய தொடராய்வின் முதற் சுற்றில், 45 வயதைக் கடந்தவர் ஏறத்தாழ 72,000 பேர் ஆராயப்பட்டனர். அவ்வறிக்கை 2021 சனவரியில் வெளியானபோது, முதியோருள் நூற்றுக்கு 75 பேர் ஏதேனும் ஒரு நாட்பட்ட நோயுடனும், 40 பேர் ஏதேனும் ஓர் உடற்குறையுடனும், 20 பேர் மனநலக் குறையுடனும் வாழ்வதாக மத்திய சுகாதார அமைச்சு அறிவித்தது.

நாட்பட்ட நோய் என்பது பெரும்பாலும் தனித்து வருவதில்லை. நீரிழிவு உடையவர்க்கு இரத்த அழுத்தமும், அவ்விரண்டும் உடையவர்க்குச் சிறுநீரகக் கோளாறோ இருதய நோயோ வந்து சேர்வது இயல்பு. இவற்றுடன் முழங்கால் மூட்டின் தேய்வும், கண்புரையும், காது மந்தமும் கூடுகின்றன. இவை ஒவ்வொன்றிற்கும் அளவுகோல் உண்டு, பதிவேட்டில் பத்தி உண்டு, மருந்து உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் ஒருங்கே சுமக்கும் மனிதர், "இனி நான் எதற்காக இருக்கிறேன்?" என்று தமக்குள் கேட்டுக்கொள்ளும்போது, அக்கேள்வியைக் குறித்துவைக்க எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அந்த வேதனையைக் களப்பணியாளர் எவ்வாறு அறிவது, எவ்வாறு தணிப்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பவையே இப்பாடத்தின் பொருள்.

வாழ்வுத் துயர் யாது?

உடல் நோவு வேறு; கவலை வேறு; தம் வாழ்வே பொருளற்றுப் போயிற்று என்னும் துயர் வேறு. மூன்றாவதாகக் கூறியதை இப்பாடத்தில் "வாழ்வுத் துயர்" எனக் குறிப்போம். அது ஒரே முகமுடையதன்று. பயனற்றவராகிவிட்டோம் என்ற எண்ணம். பிறர்க்குச் சுமையாகிவிட்டோம் என்ற நாணம். தம் உடலின்மீதும் நாளின்மீதும் தமக்கு ஆட்சி இல்லை என்ற இயலாமை. வீடு நிறைய மக்கள் இருந்தும் தம் துன்பத்தை அறிவார் இல்லை என்ற தனிமை. முடிக்காமல் விட்ட கடமை, தீராத பகை, கேட்காத மன்னிப்பு ஆகியவற்றால் வரும் உறுத்தல். சாவின்மீது, அதனினும் மேலாகச் சாகும் வகையின்மீது கொண்ட அச்சம். இவற்றுள் ஒன்றோ பலவோ ஒருவரிடம் காணப்படலாம்.

ஓர் எடுத்துக்காட்டினால் இது விளங்கும். பீகார் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் 72 வயது விதவை ஒருவரை எண்ணிக் கொள்வோம். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர்; பலரைக் கண்டு வகுத்த மாதிரி. இவருடைய மக்கள் இருவர் சூரத்து நகரின் நெசவாலைகளில் வேலை செய்கின்றனர். மூத்த மருமகளோடும் பேரக்குழந்தைகளோடும் இவர் வாழ்கிறார். நீரிழிவு வந்தபின் வீட்டார் உண்பதை இவர் உண்ண இயலவில்லை. ஆதலால் உடனமர்ந்து உண்பதும் நின்றது. முழங்கால் நோவினால் கோயிலுக்கும் குளத்தங்கரைக்கும் செல்வது நின்றது. கண்புரையினால் அரிசியில் கல் பொறுக்குவதும் நின்றது. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதால் தூக்கம் கெட்டது. வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்ற கூச்சம் அதனோடு சேர்ந்தது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்து ஒருநாள் மருமகளின் கைக்குப் போயிற்று. அதை யாரும் பறிக்கவில்லை, இவரே கொடுத்தார்.

சுகாதார ஊழியர் வந்து பார்க்கிறார். சர்க்கரை அளவு தாழ்ந்திருக்கிறது; இரத்த அழுத்தமும் கட்டுப்பட்டிருக்கிறது. "நலம்" என்று எழுதிச் செல்கிறார். மூன்று மாதம் கழித்து வரும்போது அழுத்தம் மிகவும் ஏறியிருக்கிறது. மாத்திரைக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் காசு பேரனின் குறிப்பேட்டுக்கு உதவட்டும் என்று எண்ணி, எவரிடமும் சொல்லாமல் அம்மூதாட்டி மருந்தை நிறுத்திவிட்டார். ஏட்டில் இது "மருந்து ஒழுங்காக உண்ணாதவர்" என்று பதிவாகும். உண்மையில் அது, வாழ்வதற்குத் தமக்கு உரிமை குறைந்துவிட்டதாக எண்ணும் ஒருவர் வாய் திறவாமல் எடுத்த முடிவு. அம்முடிவு பக்கவாதத்திலோ மரணத்திலோ கொண்டு விடக்கூடும். வாழ்வுத் துயரை அறிவது இதனாலேயே நோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

பல நோய்கள் சேர்வதால் வரும் கேடு

இரு நோய்கள் சேர்ந்தால் துன்பம் இருமடங்காவதோடு நிற்பதில்லை. ஒரு நோய்க்குரிய ஆறுதலை மற்றொரு நோய் பறித்துவிடுகிறது. இருதய நோயாளிக்கு நடைப்பயிற்சி நன்று என்பர்; மூட்டு நோவு அதைத் தடுக்கிறது. கால் முடங்கியவர் புத்தகம் படித்து நாளைக் கழிக்கலாம். கண்புரை அதை மறைக்கிறது. கண் மங்கியவர் பிறரோடு பேசி மகிழலாம். காது மந்தம் அதையும் எடுத்துக்கொள்கிறது. இவ்வாறு ஒவ்வொரு வாயிலாக அடைபட்டு, ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே சிறைப்பட்டவர் ஆகிறார்.

இரண்டாவது கேடு சிகிச்சையின் சுமை. நீரிழிவுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், இருதயத்துக்கு ஒரு நாள் என மாதத்தில் பல நாட்கள் மருத்துவமனை வரிசையிலேயே கழிகின்றன. ஒவ்வொரு முறையும் உடன் வருவதற்கு ஒருவர் தம் நாட்கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மருத்துவரும் மற்றவர் எழுதியதை அறியாமல் மருந்து எழுதுவதால் மாத்திரைகள் பெருகுகின்றன. சில மருந்துகள் சேரும்போது தலைசுற்றல், அயர்வு, பசியின்மை, குழப்பம் ஆகியவை தோன்றுகின்றன. முதியவர் அவற்றையும் தம் நோயின் வளர்ச்சி என்றே எண்ணி மேலும் தளர்கிறார்.

மூன்றாவது கேடு முடிவின்மை. காய்ச்சல் வந்தால் தீரும் என்ற நம்பிக்கை உண்டு. நாட்பட்ட நோயில் "தீருமா?" என்னும் கேள்விக்கு மருத்துவர் தரும் விடை "கட்டுப்பாட்டில் வைக்கலாம்" என்பதே. இவ்விடை உண்மையானது. ஆயினும் எதன்பொருட்டுக் கட்டுப்பாட்டில் வைப்பது என்று சொல்வார் இல்லாவிடில், அது தண்டனைக் காலத்தை நீட்டிப்பது போலவே முதியவர்க்குத் தோன்றும்.

பற்றின்மையா, துயரா?

நம் நாட்டில் முதியோர், "இறைவன் எப்போது அழைத்துக்கொள்வானோ" என்று கூறுவது வழக்கம். இல்லறக் கடமை முடித்தவர் பற்றை மெல்லத் துறக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சமயங்கள் பலவற்றிலும் வேரூன்றிய கருத்து. எனவே இத்தகைய சொல்லையெல்லாம் நோயாகக் கொள்ளுதல் தவறு. எல்லாவற்றையும் "வயதானோர் வழக்கமான பேச்சு" என்று தள்ளுதல் அதனினும் பெரிய தவறு. இரண்டையும் பிரித்தறிய நான்கு அடையாளங்களைக் கவனிக்கலாம்.

பற்றின்மை உடையவர் சாவைப் பற்றி அமைதியோடு பேசுவார். துயருடையவர் கசப்போடும் வெறுப்போடும், அல்லது எவ்வுணர்ச்சியும் அற்ற குரலில் பேசுவார். முன்னவர் வேளைக்கு உண்டு, மருந்தும் உட்கொண்டு, வருவாரை வரவேற்பார். பின்னவர் உணவைக் குறைத்து, மருந்தை ஒதுக்கி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். முன்னவர் "என் கடமை முடிந்தது" என்பார்; பின்னவர் "என்னால் யாருக்கும் பயனில்லை" என்பார். முன்னவர் பிறர்க்கு வாழ்த்துக் கூறுவார். பின்னவர் பிறரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். இவற்றுள் பின்னவற்றில் இரண்டு காணப்பட்டாலும் களப்பணியாளர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும்.

மனச்சோர்வு நோயும் பிற நோய்களும்

வாழ்வுத் துயர் மனச்சோர்வு நோயோடு ஒத்திருக்கும். எனினும் அதுவே இது என்று கொள்ளலாகாது. மனச்சோர்வு நோயில் இன்பம் துய்க்கும் ஆற்றலே மங்கிவிடுகிறது. விரும்பிய பண்டம், அன்பான பேரன், திருவிழா எதுவும் முகத்தில் மலர்ச்சி தருவதில்லை. வாழ்வுத் துயரில் மட்டும் ஆழ்ந்தவர் பேரனின் மழலை கேட்டு முறுவலிக்கிறார். பழைய நண்பர் வந்தால் ஒரு நாழிகை பேசுகிறார். ஆனால் அவர் சென்றதும், நாளை என்று ஒன்றை எதிர்நோக்க வழியின்றித் திகைக்கிறார். இந்நிலையை 2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் கிஸ்ஸேனும் உடன் ஆய்ந்தோரும் தனியொரு நோய்த்தொகுதியாக வரையறுத்துக் காட்டினர். நம்பிக்கையிழத்தல், செய்வகை அறியாது திகைத்தல், வாழ்வின் பொருளை இழத்தல் ஆகியவை அதன் கூறுகள்.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. ஆகவே வேறுபாட்டை முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது. ஆஷா பணியாளர் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்மையும் மனத்தளர்ச்சியும் இருந்தனவா என்று கேட்கும் இரு வினாக்கள் உள்ளன. அவ்வினாக்களை விரைந்து கேட்டுக் குறியிட்டுச் செல்லாமல், முதியவரின் தாய்மொழியில் பொருள் விளங்கக் கேட்டு விடைக்காகக் காத்திருப்பதே போதிய தொடக்கமாகும்.

உடல்நோய் சிலவும் இத்துயரைப் போல் தோற்றமளிக்கும். தைராய்டுச் சுரப்புக் குறைவு, இரத்தசோகை, பி-12 வைட்டமின் குறைவு ஆகியன அயர்வையும் நாட்டமின்மையையும் உண்டாக்கும். அன்றாடம் பேசிக்கொண்டிருந்த முதியவர் இரண்டொரு நாளில் திடீரென்று மந்தமாகி, உறங்கி விழுந்து, ஆளையும் நேரத்தையும் குழப்பிக்கொண்டால், அது துயரன்று. தொற்று நோயோ, இரத்தச் சர்க்கரைத் தாழ்வோ, உப்புச்சத்துக் குறைவோ, மருந்தின் தீய விளைவோ அதற்குக் காரணமாகலாம். அவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

இவ்வறிவு வளர்ந்த வரலாறு

இங்கிலாந்தில் செவிலியராகவும் சமூக ஊழியராகவும் பயின்று பின் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், மரணத் தறுவாயில் உள்ளோரைக் கவனித்து, அவர்தம் வேதனை உடல், உள்ளம், சமூகம், ஆன்மா ஆகிய நான்கிலும் பரந்த "முழு வேதனை" என்று 1960-களில் எடுத்துக்காட்டினார். 1967-இல் இலண்டனில் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம் நோய்த்தணிப்பு மருத்துவத்தின் பிறப்பிடமாயிற்று.

வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் 1942 முதல் 1945 வரை நாஜிச் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்தவர். விடுதலைக்குப்பின் 1946-இல் அவர் வெளியிட்ட நூலில், மனிதன் மூன்று வழிகளில் வாழ்வின் பொருளைக் காண்கிறான் என்ற கருத்தை விளக்கினார். ஒன்றைச் செய்வதால் அல்லது படைப்பதால் வருவது ஒன்று. ஒன்றையோ ஒருவரையோ அன்புடன் அனுபவிப்பதால் வருவது மற்றொன்று. விலக்க முடியாத துன்பத்தை எவ்வாறு ஏற்கிறோம் என்பதால் வருவது மூன்றாவது. நோய் முதல் வழியைப் பெரும்பாலும் அடைத்தாலும், மற்ற இரண்டும் திறந்தே இருக்கின்றன. முதல் வழியிலும் ஓரளவு திறந்து வைக்கலாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர் 1963-இல், முதியோர் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சியன்று; தம் வாழ்வைத் திரும்பப் பார்த்துத் தொகுத்துக்கொள்ளும் இயல்பான முயற்சி என்று எழுதினார். இக்கருத்தை ஒட்டி, கனடா நாட்டு மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் மரணம் நெருங்கிய நோயாளிகளின் வாழ்வுக் கதையைக் கேட்டு, எழுதி, குடும்பத்தார்க்கு அளிக்கும் முறையை வகுத்தார். 2005-இல் வெளிவந்த ஆய்வில் அம்முறையை மேற்கொண்ட 100 பேருள் 76 பேர் தம் கண்ணியம் உயர்ந்ததாக உணர்ந்தனர். 2011-இல் வெளிவந்த பெரிய ஒப்பாய்வில் வேதனையை அளக்கும் அளவைகளில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் நோயாளர் அம்முறையைப் பயனுடையதாகவே கூறினர். ஆகவே கதை கேட்பதை மருந்துக்கு ஈடாக எண்ணாமல், மருந்தோடு சேர்ந்து செல்லும் துணையாகக் கொள்வதே முறை.

நம் நாட்டில் கண்ட பயன்

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கம், பின்னர் ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றி, வீடு தேடிச் சென்று பணி செய்யும் அமைப்பாக விரிந்தது. முதலில் புற்றுநோயாளரைக் கருதித் தோன்றிய இப்பணி, நெடுங்காலம் படுக்கையிலுள்ள பிற நோயாளர்க்கும் முதியோர்க்கும் பரவியது. கேரள அரசு 2008-இல் நோய்த்தணிப்புக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, உள்ளாட்சி மன்றங்களையும் இப்பணியில் ஈடுபடுத்தியது. மருத்துவப் பட்டம் பெறாத ஊர்மக்களும் நோயாளியின் தனிமையைத் தீர்ப்பதில் முதலிடம் பெறலாம் என்பதே இவ்வனுபவம் கற்பித்த பாடம்.

கோவாவில் நடந்த மற்றோர் ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் மட்டும் உடைய, 60 வயது கடந்த 181 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார்க்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கும் முறையையும், தூக்கத்தைச் சீர்ப்படுத்தும் வழியையும், நீரிழிவு போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளும் வகையையும் கற்பித்து, அரசு உதவிகளைப் பெறவும் துணை செய்தனர். ஓராண்டில், இவ்வுதவி பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரையும், பெறாதோருள் ஏறத்தாழ 14 பேரையும் மனச்சோர்வு நோய் பற்றியது. உடல்நோய்க் கவனிப்பும், மனத்துயர்க் கவனிப்பும், உதவித்தொகை விண்ணப்பமும் ஒரே கையால் செய்யப்பட்டமை இங்கே உற்று நோக்கத்தக்கது.

வீட்டு வருகையில் கைக்கொள்ள வேண்டிய முறை

முதலாவதாக, உடலைப் பார்க்க வேண்டும். தீராத நோவு, தூக்கமின்மை, மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை, மங்கிய கண், மந்தமான காது ஆகியவற்றைத் தேடிக் கேட்டறிதல் வேண்டும். காதில் சேர்ந்த குறும்பியை நீக்கியதால் வீட்டாரோடு மீண்டும் பேசத் தொடங்கிய முதியோர் உண்டு. கண்புரை அறுவை ஒருவர்க்குப் பார்வையோடு தொழிலையும் மீட்டுத் தரும். உடல் நோவைத் தணிக்காமல் வாழ்வின் பொருளைப் பற்றிப் பேசுவது முதியவர் காதில் ஏறாது.

இரண்டாவதாக, மருந்துகளைப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும், பழைய சீட்டுகளையும் ஒரே துணிப்பையில் இட்டு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் செய்தல் நன்று. எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம், எந்த வருகைகளை ஒரே நாளில் சேர்க்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்வார். களப்பணியாளர் தாமே எந்த மருந்தையும் நிறுத்தலாகாது.

மூன்றாவதாக, கேட்க வேண்டும். முதியவர் பாயில் இருந்தால் ஊழியரும் பாயில் அமர்க. அவ்வூர் வழக்கப்படி உறவுமுறை கூறி அழைக்க. வீட்டார் சூழ இருந்தால் துயர் வெளிப்படாது. ஆதலால் சிறிது நேரமேனும் தனியே பேச வாய்ப்பு உண்டாக்குக. கீழ்க்கண்ட வினாக்கள் பயன்படும்:

1. "இந்த நோய்கள் வந்தபின் நீங்கள் விட்டுவிட நேர்ந்தவற்றுள் எதை எண்ணி மிகவும் வருந்துகிறீர்கள்?"
2. "இப்போது ஒரு நாளில் எந்த நேரம் கொஞ்சம் மனத்துக்கு இதமாக இருக்கிறது?"
3. "பிறர்க்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுவதுண்டா?"
4. "இனி வாழ்ந்து பயனில்லை என்று எண்ணியதுண்டா?"

விடை வரும்போது, "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்", "வயதானால் இப்படித்தான்", "உங்களைவிடத் துன்பப்படுவோர் எத்தனை பேர்" என்று மறித்தல் கூடாது. இவை ஆறுதல் போல் தோன்றினும், பேச்சை நிறுத்தும் கட்டளைகளே. "அது பெரிய துன்பம்தான், இன்னும் சொல்லுங்கள்" என்பது போதும். மௌனம் நீடித்தால் அதை நிரப்ப முயல வேண்டா.

நான்காவதாக, ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதியவர்க்கு இனியும் இயலுவது யாது என்று கண்டு, உண்மையாகவே வீட்டுக்குத் தேவையான ஒரு பொறுப்பை அவரிடம் சேர்ப்பிக்க வீட்டாரைத் தூண்டுக. முன்னே கூறிய மூதாட்டிக்குக் கல் பொறுக்க இயலாது. ஆயினும் கீரை ஆயலாம், பேரனை மாலையில் வாய்பாடு ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்கலாம், உறவினர் வீட்டு மணத்துக்குரிய முறைகளை எடுத்துச் சொல்லலாம். பண்ணை வேலை விட்ட உழவர் விதைப்புக்குரிய பருவத்தைக் கூறலாம். பொழுதுபோக்குக்காகக் கொடுக்கும் வேலையை முதியோர் எளிதில் கண்டுகொள்வர். அது அவமதிப்பாகவே முடியும். தாம் இல்லாவிடில் அவ்வேலை குறைபடும் என்ற நிலை வேண்டும்.

கை அசைக்கவும் இயலாது படுத்திருப்பவர்க்கு வேலை எதுவும் தருவதற்கில்லை. அவரிடம் முடிவுகளைக் கேட்கலாம். எந்த உணவு, எந்தப் பக்கம் தலை வைப்பது, யாரைப் பார்க்க விரும்புகிறார், சிகிச்சையில் எது வேண்டும், எது வேண்டா என்பவற்றை அவரையே கேட்டுச் செய்தல் அவருடைய ஆட்சியை அவர்க்கு மீட்டுத் தரும். சமயப் பற்றுடையவர்க்கு அவர் விரும்பும் வழிபாட்டுக்கு வசதி செய்க. ஊழியர் தம் சமயக் கருத்தைப் புகுத்தலாகாது.

ஐந்தாவதாக, பார்த்துக்கொள்பவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோ இரவு பகலாகப் பணி செய்கிறார். அவர் சலிப்பில் சொன்ன ஒரு சொல்லே முதியவரின் நெஞ்சில் முள்ளாக நிற்கலாம். அவரைக் குறை கூறுவதால் பயனில்லை. வாரத்தில் சில மணி நேரம் அவர்க்கு ஓய்வு கிடைக்கும்படி உறவினரையோ அயலாரையோ ஏற்பாடு செய்தால் இருவர் துன்பமும் குறையும்.

ஆறாவதாக, சொன்ன நாளில் மீண்டும் வர வேண்டும். எதிர்நோக்க ஒன்றுமில்லை என்பவர்க்கு, "வியாழக்கிழமை வருவேன்" என்ற சொல்லே எதிர்நோக்கத்தக்க ஒன்றாகும். வர இயலாதெனின் ஆளனுப்பித் தெரிவிக்க வேண்டும்.

உடனே செயற்பட வேண்டிய அறிகுறிகள்

நான்காம் வினாவுக்கு "ஆம்" என்ற விடை கிடைத்தால், தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள எண்ணியதுண்டா, வழி எதையேனும் நினைத்துள்ளாரா என்று மென்மையாக, ஆனால் நேராகக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தோற்றுவிக்கும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. கேட்பதால் பெரும்பாலோர் மனப்பாரம் குறையவே காண்கிறோம். உணவையும் மருந்தையும் மறுத்தல், பொருள்களைத் திடீரென்று பிறர்க்குப் பங்கிடுதல், விடைபெறுவது போலப் பேசுதல், மாத்திரைகளைச் சேர்த்துவைத்தல் ஆகியன அபாய அறிகுறிகள்.

இந்நிலையில் முதியவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை வீட்டார் பூட்டி வைக்க வேண்டும். அன்றே மருத்துவ அலுவலர்க்குத் தெரிவித்து, மாவட்ட மனநலக் குழுவின் உதவியை நாட வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. முதியோர்க்கான உதவித் தொலைபேசி எண் 14567. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கருதி, அவர்க்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் நோக்கம். வழக்குக்கு அஞ்சி வீட்டார் மறைத்தால், இதனை அவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

துயரின் ஒரு பகுதி வறுமையால் வருவதையும் மறத்தலாகாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையை மக்கள்மேல் வைத்துள்ளது. 70 வயதும் அதற்கு மேலும் உடைய அனைவர்க்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. இவற்றை விளக்கி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், "உங்களுக்கும் இந்நாட்டில் பங்குண்டு" என்று செயலால் கூறுவதேயாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பயிற்சி நிலைய ஆசிரியர், மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் முதியவராகவும் ஒருவர் ஊழியராகவும் நடிக்கச் செய்து, மேற்கண்ட நான்கு வினாக்களைப் பழக்கலாம். முதியவராக நடிப்பவர் காதில் பஞ்சும், மங்கலான கண்ணாடியும், முழங்காலில் இறுகக் கட்டிய துணியும் அணிந்து அரைமணி நேரம் இருந்தால், நோய்கள் ஒன்று சேர்வதன் பொருளைச் சொற்பொழிவினும் நன்றாக அறிவார்.

பள்ளி ஆசிரியர், மாணவர் தம் வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால ஊர், தொழில், பஞ்சம், பயணம், பாட்டு ஆகியவற்றைக் கேட்டெழுதும் பயிற்சியைத் தரலாம். எழுதியதை அம்முதியவரிடமே படித்துக்காட்டித் திருத்தம் பெறச் செய்க. முதியவர் சொன்னதை ஒரு சிறுவன் மதித்து எழுதிக்கொள்ளும்போது, அவருடைய வாழ்வு வீணாகவில்லை என்பதற்கு எழுத்து வடிவிலேயே சான்று கிடைக்கிறது.

முடிவுரை

நாட்பட்ட நோய்கள் பலவற்றை மருத்துவம் தீர்ப்பதில்லை, கட்டுப்படுத்துகிறது. கட்டுப்படுத்துவதால் நீளும் ஆண்டுகளை மனிதர்க்குரிய ஆண்டுகளாக வைத்திருப்பது வீட்டாரும், ஊராரும், களப்பணியாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. அடுத்த வீட்டு வருகையில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்தபின், கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, மேற்கூறிய வினாக்களுள் ஒன்றையேனும் கேட்டு, விடை முடியும்வரை எழாதிருத்தல் வேண்டும்.

பயிற்சிக்குரிய வினாக்கள்

1. பற்றின்மையையும் வாழ்வுத் துயரையும் பிரித்தறியும் நான்கு அடையாளங்களைக் கூறுக. உங்கள் வட்டாரத்தில் முதியோர் இவற்றை எச்சொற்களால் வெளிப்படுத்துகின்றனர்?
2. ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டார் என்று அறிந்தால், காரணம் அறிய என்னென்ன வினாக்கள் கேட்பீர்?
3. நீரிழிவும் மூட்டு நோவும் காது மந்தமும் உடைய, முன்பு தச்சுத் தொழில் செய்த முதியவர்க்கு வீட்டில் எப்பொறுப்பைத் தரலாம்? அது உண்மையான தேவையா என்பதை எவ்வாறு சோதிப்பீர்?
4. எவ்வறிகுறிகளைக் கண்டால் அன்றே மருத்துவ அலுவலர்க்குத் தெரிவிப்பீர்?